கடப்பாக் கல் வெளுத்தது, பக்கத்து வீட்டுச் சேச்சி பேசுவதில்லை

கேள்வி: நான் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வயது 43. கணவர் தோப்பு வாங்கியதால் 14 மாதங்களுக்கு முன் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிவந்தோம். மகன் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். எங்கள் சந்தில் ஏழு வீடுகள். மூன்றில் தமிழ், மற்றவற்றில் மலையாளம். பார்த்தால் எல்லாரும் சிரிப்பார்கள், அவ்வளவுதான். பழக ஒரு வழியாக இருக்கட்டும் என்று விஷுவுக்கு முன்னால் வீட்டிலேயே கிளீனர் செய்து வீட்டுக்கொரு பாட்டில் கொடுத்தேன். 200 மில்லி வினிகர், இரண்டு எலுமிச்சையின் சாறும் தோலும், இரண்டு டீஸ்பூன் ஆப்பசோடா, மீதி தண்ணீர். நுரை அடங்கியதும் மூடிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சேச்சி (மலையாளத்தில் அக்கா) வெளியே போயிருந்த நேரத்தில், மத்தியான வெயிலில் மூடி தெறித்து, கடப்பாக் கல் மேடை முழுக்கக் கொட்டிவிட்டது. இரவு அவர் வந்து பார்த்தபோது கல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. "ஸாரி" என்றேன். "ஸாரமில்ல" என்றார். அதன்பின் முன்போல் பேசுவதில்லை. எங்கே தப்பு செய்தேன்? எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதற்கு எது சரிவரும்? இந்த வயதில் புதிய ஊரில் சிநேகிதம் பிடிப்பது எப்படி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கல்லைச் சரிசெய்யாமல் சேச்சி வீட்டு வாசலை மிதிக்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும். சேச்சியிடம் சரியாகாமல் சந்தில் மற்றவர்களிடம் போவதும் நன்றாக இருக்காது. அதனால் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கடப்பாக் கல் கறுப்பாக, கிரானைட் போலத் தெரிந்தாலும் அது சுண்ணாம்புக்கல். எந்தப் புளிப்பும் அதை அரிக்கும். வினிகரும் எலுமிச்சையும் மட்டுமில்லை. கரைத்த புளி சிந்தினாலும், வெட்டிய தக்காளியை அதன்மேல் கவிழ்த்து வைத்தாலும் அரிக்கும். மேல்பரப்பில் உள்ள சுண்ணாம்பு கரைந்து, பளபளப்பாகத் தேய்த்து வைத்த இடம் சொரசொரப்பாகிவிடுகிறது. அதில் வெளிச்சம் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. படிந்த கறையாக இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். இது மேல்தோல் உரிந்தது மாதிரி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தயவுசெய்து சேச்சியை இன்னொரு கிளீனர் போட்டுத் தேய்க்க விடாதீர்கள்.

பாட்டில் ஏன் வெடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் செய்முறை எங்கும் பரவிக் கிடக்கிறது. வினிகர் புளிப்பு, சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, கரியமில வாயுவும் தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற உப்பும் மிஞ்சும். அந்த உப்புத் தண்ணீருக்குச் சுத்தம் செய்யும் சக்தி ஏறக்குறைய இல்லை. நுரையைப் பார்த்து "என்னமா வேலை செய்கிறது" என்று நினைப்போம். உண்மையில் வேலை செய்யவேண்டிய இரண்டு பொருளும் அந்த நுரையோடு தீர்ந்துபோகின்றன.

உங்கள் அளவில் கணக்குப் போட்டால், கடையில் கிடைக்கும் 4 சதவீத வினிகர் 200 மில்லியைத் தீர்க்கவே ஏறத்தாழ 11 கிராம் சோடா வேண்டும். அதோடு இரண்டு எலுமிச்சைச் சாறும் இருக்கிறது. நீங்கள் போட்டது இரண்டு டீஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம். அதனால் சோடா முழுக்கத் தீர்ந்தாலும் புளிப்பு கொஞ்சம் மிஞ்சும். அதுதான் கல்லைத் தின்றது. 10 கிராம் சோடாவிலிருந்து கிட்டத்தட்ட 3 லிட்டர் வாயு வரும். பெரும்பகுதி நுரையோடு போய்விட்டது. ஆனால் தோல் துண்டுகளுக்கு அடியில் கட்டியாக நின்ற சோடா மெதுவாகக் கரைந்துகொண்டே இருந்திருக்கும். தண்ணீரில் கரைந்து நின்ற வாயுவும், மீன மாதத்துப் பாலக்காட்டு வெயில் ஏறியதும், கோலி சோடா போலப் பொங்கி மேலே வந்திருக்கும். மூடி தெறித்ததோடு போனது. கண்ணாடிப் பாட்டிலாக இருந்திருந்தால் சில்லுகள் பறந்திருக்கும். மற்ற வீடுகளில் இன்னும் பாட்டில் இருந்தால் இன்றே போய் மூடியைத் தளர்த்தி, அதைக் கழிவறையில் ஊற்றிவிடச் சொல்லுங்கள்.

இனி கல்லைச் சரிசெய்யும் முறை. பெயின்ட் கடையில் "வாட்டர் பேப்பர்" என்று கேளுங்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். 400, 600, 800, 1200 என்ற நம்பர்களில் இரண்டிரண்டு தாள் போதும். மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டு, கல்லை நனைத்து, 400-இல் தொடங்கி வட்டமாக, சம அழுத்தத்தில் தேய்க்கவேண்டும். வெளுத்த திட்டை மட்டும் தேய்த்தால் அந்த இடம் குழிந்து தெரியும். திட்டைச் சுற்றி ஒரு சாண் அகலம் சேர்த்துத் தேய்த்து, விளிம்பு நோக்கிப் போகப்போக அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். கறுப்புச் சேறு போல வரும். அதைத் துடைத்து, நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த நம்பருக்குப் போங்கள். கழுவாமல் போனால் பழைய துகள் கோடு கோடாகக் கீறிவிடும். ஒவ்வொரு தாளுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். 1200 முடிந்ததும் கல்லைக் காயவிட்டு, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசித் துடைத்தால் பழைய கறுப்பு திரும்பும். எண்ணெயை மட்டும் பூசினாலும் அன்றைக்குக் கறுப்பாகத் தெரியும், நாலு தடவை கழுவியதும் வெள்ளை மறுபடி எட்டிப் பார்க்கும். மேடை முழுக்கப் பரவியிருந்தால் மொசைக் பாலிஷ் போடுபவரைக் கூப்பிடுவதே நல்லது. செலவு உங்களுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த ஒரு மணி நேர வேலையைச் சேச்சியின் சமையலறையில், நீங்களே, உங்கள் கையால் செய்யவேண்டும் என்பது என் ஆலோசனை. பலகாரம், பரிசு எதுவும் எடுத்துப் போகாதீர்கள். நான்கு தாளும் ஒரு துணியும் போதும். "அந்தத் தண்ணியில் புளிப்பு இருந்தது, இந்தக் கல்லுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது. சரிசெய்யத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்துக் காட்டுங்கள்.

மொழி விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். மலையாளம் அரைகுறையாக வரும் தமிழர்கள் இங்கே அடிக்கடி தெரியாமல் தடுக்கி விழும் இடம் இது. நமக்கு "நீங்கள்" மரியாதை. மலையாளத்தில் வயதில் மூத்தவரை முகத்துக்கு நேரே "நிங்ஙள்" என்றால் பல வீடுகளில் அது விறைப்பாக, சண்டைக்கு நிற்பது போலக் கேட்கும். அந்த இடத்தில் "சேச்சி" என்றே சொல்லவேண்டும். "சேச்சி எப்போ வந்நு?", "சேச்சிக்கு புத்திமுட்டாயோ?" என்று உறவுச்சொல்லையே எழுவாயாக வைத்துப் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் தமிழிலேயே பேசுங்கள். உங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் புரியாத வீடு அரிது. தப்பும் தவறுமான மலையாளத்தில் ஒரு "நிங்ஙள்" விழுவதைவிட, நல்ல தமிழில் "சேச்சி" என்று கூப்பிடுவது நெருக்கமாக இருக்கும். "ஸாரமில்ல" என்றால் "பரவாயில்லை" என்று பொருள். அதை அவர் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பேசாததற்குக் கல் மட்டுமே காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். 2018-இல் எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அறிமுகமில்லாத இருவர் பேசிப் பிரிந்தபின், "அவருக்கு என்னை எவ்வளவு பிடித்தது" என்று இருவரிடமும் தனித்தனியே கேட்டார்கள். எதிராளிக்கு உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே பெரும்பாலும் மதிப்பிட்டார்கள். நீங்கள் சங்கடத்தில் தலைகுனிந்து போவதைப் பார்த்து, "இவளுக்கு என்மேல் கோபம் போல" என்று அவரும் ஒதுங்கியிருக்கலாம். கதவைத் தட்டினால்தான் தெரியும்.

இப்போது சிநேகிதத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏழு பாட்டில் கொடுத்தீர்கள். அது ஐந்து ஐந்து நிமிடமாக ஏழு சந்திப்பு. பழக்கம் உண்டாகாததற்கு வெடித்த பாட்டிலைவிட இதுதான் பெரிய காரணம். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரணச் சிநேகிதராக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், சிநேகிதர் என்று வாய்நிறையச் சொல்ல 90 மணி நேரமும், நெருங்கிய சிநேகிதராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆவதாகக் கணக்கிட்டார். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை, சும்மா உட்கார்ந்து பேசும் நேரம்தான் சேர்கிறது என்பதையும் அவர் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இந்த மணி நேரங்கள் தானாகக் கிடைத்தன. 43 வயதில் அதை நாமாக ஏற்பாடு செய்யவேண்டியிருக்கிறது.

அதனால் நீங்கள் செய்து கொடுக்கும் பொருள் சீக்கிரம் கெட்டுப்போவதாக இருக்கவேண்டும், அடுப்பில் அரை மணி நேரம் சும்மா கொதிப்பதாக இருக்கவேண்டும். பூந்திக்கொட்டை நீருக்கு இரண்டு குணமும் உண்டு. உங்கள் உப்புத் தண்ணீருக்கும் அதுதான் பொருத்தம். சோப்பு உப்புத் தண்ணீரில் பட்டால், தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துத் திரிதிரியாக வெள்ளைப் படிவமாக்கிவிடும். வாளியின் உட்புறம் விரலால் தேய்த்தால் பிசுக்காக வருகிறதே, அதுதான். பூந்திக்கொட்டையில் நுரை தருவது சப்போனின், அது அப்படித் திரிவதில்லை.

பொள்ளாச்சி நாட்டு மருந்துக் கடையிலோ, உங்கள் பக்கத்து அங்ஙாடி மருந்துக் கடையிலோ வாங்கிக்கொள்ளுங்கள். தோல் மடங்கினால் ஒட்டும் பிசுபிசுப்போடு, கருஞ்சிவப்பாக இருந்தால் நல்ல சரக்கு. பூஞ்சை வாடை அடித்தால் வேண்டாம். சுத்தியலால் தட்டி உள்ளேயிருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள், விதையில் நுரை இல்லை. ஏழு வீட்டுக்கும் கால் லிட்டர் வீதம் வர, விதை நீக்கிய தோல் 150 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். வெள்ளிக்கிழமை இரவு ஊறப்போடுங்கள். சனிக்கிழமை அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம் விடுங்கள். பாத்திரம் 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். அணைந்தது தெரியாமல் கேஸ் வந்துகொண்டிருந்தால் ஆபத்து, அதனால் கிட்டத்திலேயே ஒருவர் இருக்கவேண்டும். வெந்த தோல் கையில் எடுத்தால் ஊறவைத்த புளிபோலக் குழையும், தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வரும். ஆறியபின் பிசைந்து பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் அரை லிட்டர் தண்ணீர் விட்டு இரண்டாம் முறை பிழிந்து முதலாவதோடு சேர்த்துவிடுங்கள். கண்ணில் தெறித்தால் சீயக்காயைவிட எரியும், பிழியும்போது குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகவேண்டாம்.

பாத்திரம் தேய்க்க, ஒரு கிண்ணம் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி. தேங்காய் நாரால் தேய்த்தால் நன்றாக வரும். கடை லிக்விட் அளவுக்கு நுரை வராது, ஆனால் அழுக்குப் போகும். கறிக்குழம்புச் சட்டி போன்ற எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் கூட வேண்டும். தரை துடைக்க அரை வாளித் தண்ணீரில் 50 மில்லி. பூந்தி நீரும் லேசான புளிப்புத்தன்மை உள்ளதுதான். கடப்பாக் கல்லில் இந்த அளவு நீர்த்துத் துடைத்தால் பயமில்லை, ஆனால் அப்படியே ஊற்றி ஊறவிடக் கூடாது. வெள்ளைத் துணிக்கு நாளடைவில் பழுப்பேறும், கலர்த் துணிக்கும் பட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் அழுத்திச் சொல்லுங்கள்: மீன் தொட்டியிலோ, மீன் வளர்க்கும் குளத்திலோ இந்தத் தண்ணீர் போகக் கூடாது. சப்போனின் மீனைக் கொன்றுவிடும்.

வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாற்றமெடுக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். சிட்ரிக் ஆசிட் போட்டால் கூடுதலாக நிற்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் கடப்பா மேடையும் சிமென்ட் தரையும் உள்ள வீடுகளுக்குக் கொடுக்கும்போது அது வேண்டாம். ஒரு வாரத்தில் தீர்ந்துபோகட்டும். அடுத்த சனிக்கிழமை மறுபடி காய்ச்சவேண்டும் என்பது உங்களுக்கு வேண்டிய காரணம். "வாங்க, பழகலாம்" என்று அழைக்க யாருக்கும் கூச்சம்தான். "நாளைக்கு பத்தரைக்குக் காய்ச்சுகிறேன், பாட்டிலை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்வதில் கூச்சம் இல்லை. கொதிக்கும் 25 நிமிடம், ஆறும் அரை மணி நேரம் எல்லாம் பேச்சுக்கு. வாரம் ஒன்றரை மணி நேரம் என்றால் ஹால் சொன்ன 50 மணி நேரத்துக்கு எட்டு மாதம் ஆகும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு "யாரும் ஒட்டவில்லை" என்று விட்டுவிடாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இடத்தை மாற்றலாம். மூன்றாவது, நான்காவது வாரம் யாராவது "எங்க வீட்ல காய்ச்சலாமே" என்றால் உடனே விட்டுக்கொடுங்கள். நீங்களும் அவர்களிடம் ஏதாவது கேளுங்கள்: கறிவேப்பிலைக் கன்று, பெரிய பாத்திரம், புளியிஞ்சி செய்யும் பக்குவம். கொடுத்துக்கொண்டே இருப்பவரிடம் மற்றவர்களுக்குக் கடன்பட்ட கூச்சம் வந்துவிடும்.

கடையில் பொருள் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. எல்லைப் பக்கத்தில் இந்தக் குழப்பம் நிறைய நடக்கிறது. மலையாளத்தில் ஆப்பசோடா "அப்பக்காரம்", சலவை சோடா "அலக்குகாரம்". இரண்டும் வெள்ளைத் தூள். "காரம் தரூ" என்று மொட்டையாகக் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. அலக்குகாரத்தை மாவில் போட்டால் வாய் வெந்துவிடும். முழுப்பெயர் சொல்லிக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். வினிகர் அங்கே "வினாகிரி".

அலக்குகாரம் எண்ணெய்ப் பிசுக்குக்கு அருமையான பொருள். அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் மஞ்சளாக ஒட்டிய புகைப்பிசுக்குக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் துணியில் நனைத்துப் பத்து நிமிடம் ஒட்டவிட்டுத் துடைத்தால் வழித்துக்கொண்டு வரும். பிறகு சாதாரணத் தண்ணீரால் இருமுறை துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கைத்தோல் வறண்டு வெடிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் படவே கூடாது, கறுத்து அரித்துவிடும். அலுமினிய இட்லிப்பானையின் உள்ளே படியும் உப்புக்கு, நெல்லிக்காய் அளவு புளியைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிடுவதுதான் சரி.

உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவத்துக்குப் புளிப்புதான் மருந்து. அது பட வேண்டிய இடம் தெரிந்திருக்கவேண்டும். சிட்ரிக் ஆசிட் இரண்டு டீஸ்பூன், தண்ணீர் கால் லிட்டர். ஸ்டீல் குழாயில் இதில் நனைத்த துணியைச் சுற்றி 15 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இரவு முழுக்க விட்டால் குரோம் பூச்சு மங்கும். குளியலறை டைல்ஸில் பூசுவதற்கு முன் சுவரை வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமென்ட் ஏற்கெனவே தண்ணீர் குடித்திருந்தால் புளிப்பை அவ்வளவாக உறிஞ்சாது. ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். கடப்பாக் கல், மார்பிள், மொசைக், ரெட் ஆக்சைடு தரை, ஆத்தங்குடிக் கல் எதிலும் புளிப்பு வேண்டாம். எந்தக் கல் என்று சந்தேகமாக இருந்தால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் சுண்ணாம்பு உள்ள கல்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் செய்யும் பயோ என்சைம் பற்றியும் யாராவது கேட்பார்கள். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, 90 நாள். அகல வாய் பிளாஸ்டிக் டப்பாவில் கால் பாகம் காலியாக விட்டு, முதல் ஒரு மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றவேண்டும். மேலே வெள்ளையாக ஆடை படிந்தால் கலக்கிவிட்டால் போதும். கறுப்புப் பூஞ்சை வந்தால் கொட்டிவிடுங்கள். சொல்லப்படுகிற அளவு அதிசயம் அதில் இல்லை, பெரும்பாலும் நீர்த்த வினிகர் போன்ற ஒரு புளிப்புத்தான். கழிவறைக்கும் டைல்ஸ் தரைக்கும் நல்லது, உங்கள் சந்தின் கடப்பா மேடைகளுக்கு ஆகாது.

அடுத்துச் சொல்வதைச் சந்தில் எல்லாரிடமும் சொல்லியே ஆகவேண்டும். கேரளத்தில் கிணறு உள்ள வீடுகளில் பெரும்பாலும் பிளீச்சிங் பவுடர் இருக்கும். 1000 லிட்டர் கிணற்று நீருக்கு 2.5 கிராம் என்ற அளவில் போடுவார்கள். அந்தப் பவுடரோடு வினிகர், சிட்ரிக் ஆசிட், பயோ என்சைம், கடையில் வாங்கும் டாய்லெட் ஆசிட் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்றைப் போட்டால் நன்றாகக் கழுவிவிட்டு, மற்றதை இன்னொரு நாள் போடவேண்டும். நெடி ஏறினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்து, கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் உள்ளே என்ன, எந்தத் தேதி, எதில் ஊற்றக் கூடாது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். மலையாளம் எழுதச் சேச்சியைக் கேட்கலாம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் எதையும் ஊற்றிக் கொடுக்காதீர்கள், குழந்தைகள் குடித்துவிடும்.

தேங்காய் எண்ணெய் சோப்புச் செய்வோமா என்று கூட்டத்தில் பேச்சு வரும், தோப்பு வேறு வைத்திருக்கிறீர்கள். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் சோப்பு அது. ஆனால் ஆறு மாதம் போகட்டும். ஒரு கிலோ எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா 174 கிராம், தண்ணீர் 350 கிராம். கைக்கணக்கு கூடாது, ஒரு கிராம் காட்டும் மின்தராசு வேண்டும். காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் கொட்டவேண்டும்; காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியம் கூடவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளாமல் யாரும் கிட்டே நிற்கக் கூடாது. அச்சில் ஊற்றி ஆறேழு மணி நேரத்திலேயே வெட்டிவிடுங்கள், மறுநாள்வரை விட்டால் கல்லாகி உடையும். நான்கு வாரம் காற்றில் உலரட்டும்.

சந்துக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு, உங்கள் வார்டிலும் இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பெண், 10 முதல் 20 பேர். கூடி உட்கார்ந்து சிறுசேமிப்பு, கடன், ஊர் விஷயம் பேசுவார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் குடும்பஸ்ரீயின் சி.டி.எஸ். (பஞ்சாயத்து அளவிலான அமைப்பு) எங்கே என்று கேட்டால் உங்கள் பகுதிக் கூட்டத்தைக் காட்டுவார்கள். எப்படிப் போவது என்று சேச்சியிடமே கேட்பது இன்னும் நல்லது, அவர் அதில் உறுப்பினராக இருக்க வாய்ப்பு அதிகம். காலையில் பால் சொசைட்டிக்கு நீங்களே நடந்து போங்கள். தினமும் அதே நேரம் அதே பத்துப் பேர் வரும் இடம் அது. பத்து நாளில் முகம் பழகிவிடும், பேச்சை அவர்களே தொடங்குவார்கள். வாசகசாலை பக்கத்தில் இருந்தால் அங்கேயும் உறுப்பினராகுங்கள், பல இடங்களில் பெண்களுக்கென்றே வனிதா வேதி கூட்டம் நடக்கிறது.

ஏழு பேரும் சிநேகிதிகளாகிவிடவேண்டும் என்று எதிர்பார்க்கவேண்டாம். இருவர் தொடர்ந்து வந்தால் அதுவே நிறைய. முதல் சனிக்கிழமை சேச்சி மட்டும் வந்தால் அளவைப் பாதியாக்குங்கள்: தோல் 75 கிராம், தண்ணீர் முக்கால் லிட்டர், பிழியக் கால் லிட்டர். கொதிக்கும் நேரம் அதே 25 நிமிடம்தான்.